நாலு விரல் இடம்

நல்லமுத்து நகர் ஏழாம் பிளாக்கில் ஒரு குழந்தைக்குப் பேர் வைத்தால் அங்கே இருக்கும் நாற்பத்தெட்டு வீடுகளிலும் சுவர் நாலு விரல் உள்ளே வரும். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும் என்பதைப்போல, இரண்டாம் மாடிக்கு மேல் மோட்டார் தண்ணீர் ஏறாது என்பதைப்போல, இதுவும் குடிவந்த ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். ஜெசிந்தாவுக்கு முதல் நாளே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆகாத கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு டிராலிப் பெட்டியும் குக்கரும் தூக்கிக்கொண்டு தீனாவின் பின்னால் அவள் வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு வாசலில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கோகிலா, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"கட்டிலு கிட்டிலு வாங்கிடாதடி. பாயே போதும். இங்க சுவரு வரும்."

"எங்கக்கா வரும்?"

"உள்ளதான். வேற எங்க போவும், சினிமாவுக்கா?"

முதல்முதலாக அது நடந்தது ஜெசிந்தா வருவதற்கு நாலு வருஷம் முன்னால், முதல் மாடி மேரி புஷ்பத்தின் கடைக்குட்டிக்குப் பேர் வைத்த அன்று. அத்தைக்காரி குழந்தையைப் புடவைத் தூளியில் போட்டு, காதோடு வாயை வைத்து, அந்தோணி, அந்தோணி, அந்தோணி என்று மூன்று தரம் சொல்லி நிமிர்ந்ததும், சுவரின் மேல்விளிம்பிலிருந்து சலித்த மாவு மாதிரி சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு சுவர், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரைப்போல, சத்தமில்லாமல் நாலு விரல் நகர்ந்து நின்றது. பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிளாக் பழைய பிளாக்தான், அதே மஞ்சள் பெயின்ட், அதே அரச மரம் முளைத்த தண்ணீர்த் தொட்டி. உள்ளேதான் பத்தடி ஹால் ஒன்பதே முக்கால் அடி ஆகியிருந்தது.

பிறப்புதான் காரணம் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை பிறந்து பத்தாம் நாள் பேர் வைக்காமலே போய்ச் சேர்ந்தது, சுவர் அசையவில்லை. இன்னொருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து ஒரே நாளில் இரண்டு பேர் வைத்தார்கள், எட்டு விரல் வந்தது. சில பேர் தந்திரமாக, வேளாங்கண்ணிக்குப் போய் வைத்தார்கள், திருத்தணிக்குப் போய் வைத்தார்கள்; இரண்டாம் மாடி தில்ஷாத் தன் மூத்தவனுக்கு ஆம்பூரில் தாய்வீட்டில் வைத்துக்கூடப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் சரி, அந்தக் குழந்தை தன் காதால் தன் பேரை மூன்று தரம் கேட்ட நிமிஷத்தில் இங்கே சுண்ணாம்பு உதிர்ந்தது. வீட்டில் இருந்தவர்கள் போன் பண்ணி, "வெச்சாச்சா? இங்க வந்துடுச்சு" என்று சொன்னார்கள்.

பிளாக்கைக் கட்டிக் கொடுத்த வாரியத்துக்கு மனு போனது. டேப்போடு ஒரு இன்ஜினியர் வந்தார். சுவரிலிருந்து சுவருக்கு அவர் டேப்பை விரித்தால் ஒவ்வொரு வீட்டிலும் சரியாகப் பத்தடி காட்டியது. வாரியத்தின் டேப் வாரியத்தின் சுவர் பேச்சைத்தான் கேட்டது. கோகிலா தன் தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். அது எட்டே கால் அடி காட்டியது.

"இது ரவிக்கைக்குத்தாம்மா செல்லும், கட்டடத்துக்குச் செல்லாது" என்றார் இன்ஜினியர்.

"கட்டிலு இடிக்குது சார், பாருங்க."

"கட்டில் வளந்திருக்கும்."

ஆகவே அவர்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பீரோக்களை விற்றார்கள், விற்க மனசு வராதவர்கள் தச்சனைக் கூப்பிட்டு நீளவாக்கில் பாதியாக அறுத்தார்கள்; ஃபேன் இறக்கைகளை நறுக்கினார்கள்; டிவியைக் கூரையில் தொங்கவிட்டு எல்லோரும் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள்; காலை ஷிஃப்ட் போகிறவர்கள் எழுந்த பாயில் ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் சூடு ஆறுமுன் படுத்தார்கள்; தோளை ஒருக்களித்து நடக்கிற நடை பிள்ளைகளுக்கு அப்படியே படிந்து, அவர்கள் பள்ளிக்கூட மைதானத்தில்கூட ஒருக்களித்தே ஓடினார்கள். அங்கே பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு முன்னால் அந்த பிளாக்கில் எத்தனை பேர் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். கோகிலாவின் வீட்டில் மட்டும் ஒரு கட்டில் இருந்தது. அவள் புருஷன் முனிரத்தினம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் அதில்தான் கிடந்தார். அந்தக் கட்டிலை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கிறவர்கள் வெளியில் வீடு தேடிப் பார்க்காதவர்கள். இங்கே மாதம் எழுநூற்றைம்பது ரூபாய். வெளியில் ஒரே ஒரு ரூம் எட்டாயிரம், பத்து மாத அட்வான்ஸ், அதுவும் எத்தனை குழந்தை என்று கேட்டு விரலை மடக்கி, மூன்றாவது விரலுக்கு வரும்போது கதவைச் சாத்துகிற வீட்டுக்காரர்கள். ஊரோ நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே வந்தது. ஆற்றங்கரையில் இடித்த குடிசைகளிலிருந்து, வேலை தேடி வந்த ரயில்களிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏழாம் பிளாக்கில் ஒரு வீடு காலியானால் சாவி ஆறுமுன் அங்கே இன்னொரு குடும்பம் வந்துவிடும். தீனா அடுக்குமாடிகளுக்கு லிஃப்ட் பொருத்துகிற கம்பெனியில் மெக்கானிக். சாயங்காலம் வந்து கால் நீட்ட இடமில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்வான்: "இன்னிக்கு ஒரு லிஃப்ட் மாட்டினோம் ஜெசி. பதிமூணு பேர் நிக்கலாம். நம்ம ஹால மாதிரி ஒண்ணரை மடங்கு."

இருபத்தோராவது பேர் வைத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். ஹால் நாலே முக்கால் அடி ஆகியிருந்தது. கோகிலா தையல் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பெத்துக்கோங்க, யாரு வேணான்னா? கடவுள் குடுக்கறத நாம தடுக்க முடியுமா? பேரு மட்டும் வெக்காதீங்க. பாப்பான்னு கூப்புடுங்க, குட்டின்னு கூப்புடுங்க. பேர வெச்சு என்னாத்த கிழிக்கப் போவுது, கலெக்டரா ஆவப் போவுது?"

"ஸ்கூல்ல கேப்பாங்களே அக்கா" என்றாள் தில்ஷாத்.

"ஸ்கூலுக்கு இன்னும் வருசம் இருக்குதில்ல. அதுக்குள்ள புதுசா கட்டற பன்னெண்டு மாடி முடிஞ்சிடும், நமக்கும் வூடு குடுப்பாங்க. அங்க போயி நாளுக்கு ஒம்போது பேரு வெச்சிக்க."

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஏழாம் பிளாக்கில் பிறந்த குழந்தைகள் பாப்பாவாகவும் குட்டியாகவும் பையாவாகவும் இந்தாடாவாகவும் வளர்ந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு நாள் தள்ளிப்போனது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வருஷம். அவள் பயந்தாள். வயிறு பெரிதாகப் பெரிதாகப் பயமும் பெரிதானது. சுவருக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஒவ்வொரு காலையும் முழங்கையால் அளந்து பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள், அதில் பேபி ஆஃப் ஜெசிந்தா என்று எழுதியிருந்தது, தடுப்பூசி அட்டையிலும் அதுவே, அங்கன்வாடி நோட்டிலும் அதுவே. பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரீகள் ஹாஸ்டலில் வளர்ந்தவள் அவள். காலையில் சிஸ்டர் பெனடிக்டா நோட்டைத் திறந்து பேர் கூப்பிடும்போது எழுந்து பிரசென்ட் சிஸ்டர் என்று சொன்னவளுக்குத்தான் அன்று பால் உண்டு, முட்டை உண்டு, அப்பா அம்மா இல்லாவிட்டாலும் உலகத்தில் ஒரு இடம் உண்டு. பேர் இல்லாமல் ஒருத்தி எழுந்து நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளிடம் ஒரு பேர் இருந்தது. ஏழாம் மாதத்திலேயே மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு நாள் அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிரவில்லை. கேட்பதற்குக் காது இல்லாமல் சொல்கிற பேர் சுவருக்குக் கணக்கில்லை என்று தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் தினமும் குழாயிடம் சொன்னாள்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது கணக்கெடுக்க இரண்டு பெண்கள் கையில் டேப்லெட்டோடு வந்தார்கள். எந்த பிளாக்கில் ஆட்கள் கூடியிருக்கிறார்களோ அந்த பிளாக்குக்குத்தான் பன்னிரண்டு மாடியில் பழைய வாடகைக்கே வீடு.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"மூணு பேர் மேடம். நான், அவர், இவ."

"இவ பேரு?"

பக்கத்து வாசலில் மெஷின் சத்தம் நின்றது.

"பேரு போடலன்னா சேவ் ஆகாதும்மா. சிவப்பா காட்டுது பாரு."

"குழந்தை இதோ இங்கதானே மேடம் இருக்கு. உங்க செயின பிடிச்சி இழுக்குது."

"இருக்குதும்மா, எனக்கும் கண்ணு தெரியுது. மெஷினுக்குத் தெரியணுமே."

பேர் வைக்காத பிள்ளை இருந்த மற்ற பதினெட்டு வீடுகளிலும் அதேதான் நடந்தது. ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. ஏழாம் பிளாக்கில் மூன்று வருஷமாக ஒரு ஆள்கூடக் கூடவில்லை, இது பாராட்டத்தக்கது, எனவே பன்னிரண்டு மாடி வீடுகள் நெரிசல் உள்ள மற்ற பிளாக்குகளுக்கு ஒதுக்கப்படுகின்றன, விருப்பமுள்ளவர்கள் பயனாளி பங்காக ஒன்றரை லட்சம் கட்டி விண்ணப்பிக்கலாம். கடிதத்தைப் படித்துக் காட்டும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்தது. அவள் படித்து முடித்ததும் முனிரத்தினம் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "பாராட்டுன்னு போட்டிருக்கான் இல்ல, அத ஃபிரேம் போட்டு மாட்டுங்க. ஆணி அடிக்க இடம் இருக்குதான்னு மொதல்ல பாருங்க."

அதற்கடுத்த சனிக்கிழமை நீலவேணியின் குட்டி தொலைந்துபோனது.

நீலவேணி மூன்றாம் மாடி, மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. அவள் குட்டிக்கு இரண்டே கால் வயசு, வாயில் எப்போதும் ஒரு ஸ்பூன் இருக்கும். பாலத்தடிச் சந்தையில் நீலவேணியும் கோகிலாவும் ஜெசிந்தாவும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நீலவேணி கையை விட்டு முந்தானையில் முடிச்சை அவிழ்த்த அந்த ஒரு நிமிஷம்தான். திரும்பிப் பார்த்தால் குட்டி இருந்த இடத்தில் ஸ்பூன் கிடந்தது.

"குட்டி!" என்று கத்தினாள் நீலவேணி.

சந்தை முழுக்கப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பலூன் கடையில் நின்ற குட்டிகள் திரும்பினார்கள், அம்மாக்கள் இடுப்பில் இருந்த குட்டிகள் திரும்பினார்கள், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் திரும்பியது. "குட்டி, என் குட்டி" என்று அவள் வரிசை வரிசையாக ஓடினாள். கோகிலா எதிர்ப்பக்கம் ஓடினாள், பெரிய தொண்டை அவளுக்கு, வாயைத் திறந்தாள், திறந்த வாயிலிருந்து கூப்பிடுவதற்கு ஒன்றும் வரவில்லை. பூண்டுக் கடைக்காரர் மைக்கை எடுத்து, "பேரச் சொல்லும்மா, கூப்புடறேன்" என்றார். நீலவேணியின் உதடு அசைந்தது. அவளிடமும் ஒரு பேர் இருந்தது என்பதை ஜெசிந்தா அந்த நிமிஷத்தில் கண்டாள். ஆனால் அந்தப் பேர் குட்டிக்குத் தெரியாது. தெரியாத பேரைக் கேட்டு எந்தக் குழந்தை திரும்பும்?

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறந்தார். "காணாமல் போன நபரின் பேர்?"

"குட்டிதாங்க."

"எல்லாம் குட்டிதாம்மா. பேரு?"

எட்டு நாள் ஆயிற்று. நீலவேணி மீன் வெட்டப் போகவில்லை. காலையில் எழுந்து நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போய், வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ் போன பிறகு திரும்பி வந்தாள். கோகிலா மெஷினை மிதிப்பாள், நிறுத்துவாள், ஒரே தையலை மறுபடி பிரிப்பாள். ஜெசிந்தா தன் குழந்தையின் காலைத் துப்பட்டாவால் தன் காலோடு கட்டிக்கொண்டு சமைத்தாள், கட்டிக்கொண்டு துவைத்தாள்.

"வேணாம் ஜெசி" என்றான் தீனா, அவள் முகத்தைப் பார்த்தே. "நம்மள காறித் துப்புவாங்க. முனிரத்தினம் மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கத்தான் இடமே இருக்கு."

"எனக்குத் தெரியாதா தீனா?"

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றான் அவன். வேலைக்குப் போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். துப்பட்டா முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. அரிசி களைந்துவிட்டுத் திரும்பினால் பாய் காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடினாள். நடைபாதையில் பத்துப் பதினைந்து குழந்தைகள் தவழ்ந்துகொண்டும் நடந்துகொண்டும் மண்ணைத் தின்றுகொண்டும் இருந்தார்கள், எல்லோருக்கும் அதே மொட்டை, அதே ஜட்டி. "பாப்பா!" என்று கத்தினாள். அத்தனையும் திரும்பின. அத்தனை முகமும் அவளைப் பார்த்தது, ஒன்றும் அவளுடையது இல்லை. அப்புறம் கோகிலாவின் தையல் மெஷினுக்கு அடியிலிருந்து, வெட்டுத்துணிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கால் ஆடியது. அவள் குழந்தை மட்டும் திரும்பவே இல்லை. பாப்பா என்பது தன்னைத்தான் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜெசிந்தா குனிந்து குழந்தையை இழுத்து மார்போடு அணைத்தாள். கோகிலா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்த உடனே எழுந்தாள்.

"ஏய். ஜெசி. வேணாண்டி."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அடியேய், அந்த மனுசன் உள்ள கெடக்கறாருடி! ஒருக்களிச்சு நின்னுதான் அவர தொடச்சு வுடறேன். நீ ஆரமிச்சா இன்னும் பதினேழு பேரு வரிசையா நிக்கறாளுங்கடி பின்னாடி. கணக்குப் போட்டியா, படிச்சவதான நீ? மொத்தம் எத்தன?"

"நீலவேணி குட்டியையும் சேத்து நாற்பது பேர், பத்தடி அக்கா. சரியா முடிஞ்சிடும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவள் அங்கேயே, நடைபாதையில், வெட்டுத்துணிகளின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தூளி இல்லை, அத்தை இல்லை, பாயசம் இல்லை. குழந்தையின் காது சூடாக இருந்தது, உள்ளே கொஞ்சம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. வாயை அதில் வைத்தாள்.

"லீதியா" என்றாள். "லீதியா." அப்புறம் அந்தப் பருக்கையை விரலால் எடுத்துவிட்டு, மூன்றாவது தரமாக, "லீதியா."

நாற்பத்தெட்டு வீட்டிலும் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்று வருஷமாகச் சும்மா இருந்த சுவர் நாலு விரல் நகர்ந்தது. மாடியில் பாத்திரங்கள் உருண்டன, யாரோ தலையில் இடித்துக்கொண்டு கெட்ட வார்த்தையால் திட்டினார்கள், படிக்கட்டில் தடதடவென்று கால்கள் இறங்கின.

"எவடி அவ?"

"எந்தப் பட்டத்து ராணி பெத்த மவளுக்குடி இப்ப பேரு கேக்குது?"

"கீழ் வீட்டு கான்வென்ட்டுதான், வேற யாரு?"

"அடிச்சுத் தொரத்துங்கடி அவள!"

ஜெசிந்தா குழந்தையைத் தன் உடம்புக்குள் சுருட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். முதல் அடி கோகிலாவிடமிருந்துதான் வரும் என்று முதுகைக் கொடுத்துக் காத்திருந்தாள். கோகிலாவின் நிழல் அவள் மேல் விழுந்தது.

"என்னான்னு வெச்ச?" என்றாள் கோகிலா.

"லீதியா."

"வாய்ல நொழையல." கோகிலா குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "லீதியா" என்றாள், சந்தையில் கத்தியிருக்க வேண்டிய குரலில். குழந்தை அவளைப் பார்த்தது. அப்புறம் கோகிலா கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தாள், கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மெஷின் மேல் வீசினாள். "என் வாயி அன்னிக்குத் தொறந்து வெறும் காத்தா வந்துச்சுடி. இந்த வாயாலதான் வெக்காதீங்கன்னு சொன்னேன். போதும். ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது இப்ப. மொதல்ல அவர தூக்கி வெளிய போடணும். அப்புறம் அடுப்பு, சிலிண்டரு, ரேஷன் கார்டு. எல்லாம் வெளிய வந்தப்புறம் மேல இருந்து வரிசையா சொல்லுங்க."

அப்படித்தான் செய்தார்கள். வீட்டைக் காலி செய்வது அவர்களுக்குப் புதிது இல்லை, ஆற்றங்கரையில் ஒருமுறை செய்தவர்கள். முனிரத்தினத்தைக் கட்டிலோடு ஆறு பெண்கள் தூக்கினார்கள். "பூப்பல்லக்கா இது? மேளம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெயிலுக்கு வந்தார், வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாதி பீரோக்கள் வந்தன, இறக்கை நறுக்கிய ஃபேன்கள் வந்தன, குக்கர்களும் சாமி படங்களும் மாதா சுரூபங்களும் பிளாஸ்டிக் குடங்களும் வந்து பிளாக்குக்கு முன்னால் நின்ற வேப்ப மரத்து நிழலை நிரப்பின. அப்புறம் ஒவ்வொரு அம்மாவும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் காதைத் தேடினாள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு பேர் இருந்தது, மூன்று வருஷமாகப் பூட்டி வைத்தது, குழாயிடமும் அடுப்பிடமும் தலையணையிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. தில்ஷாத் சொன்னாள், நாலு விரல். மேரி புஷ்பத்தின் நாத்தனார் சொன்னாள், நாலு விரல். இரண்டு வயசுப் பையன் ஒருத்தன் தன் பேரைக் கேட்டதும் "நானா?" என்று கேட்டான். ஒவ்வொரு பேருக்கும் உள்ளே சுவர் புரண்டது, யாரும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போன ஆண்கள் சேதி தெரிந்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தீனா வந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டவில்லை. "என்ன பேர்?" என்று மட்டும் கேட்டான், சொன்னதும் குழந்தையின் உள்ளங்காலில் விரலால் அதை எழுதினான்.

"எங்க போறது ஜெசி?"

"தெரியல."

பன்னிரண்டு மாடி எதிரே விளக்கில்லாமல் நின்றது. வாரியத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, கதவுகளைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நாலு விரல் அகலத்துக்கு இருட்டு மட்டும் இருப்பதைக் கண்டு, தன் டேப்பை அதற்குள் செருகி, பத்தடி என்று எழுதிக்கொண்டு, வீட்டை அனுமதியில்லாமல் காலி செய்ததற்கு நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்திலிருந்து நீலவேணி வந்தாள். மரத்தடியில் கிடந்த சாமான்களைப் பார்த்தாள், திறந்த கதவுகளைப் பார்த்தாள், பதினெட்டுக் குழந்தைகளை அம்மாக்கள் ஓயாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டாள். கூப்பிடுகிற குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாருக்கும் வெச்சாச்சா?" என்றாள் நீலவேணி.

"ஆமாண்டி" என்றாள் கோகிலா.

"எவ்ளோ இருக்கு?"

"நாலு விரலு."

நீலவேணி தலையை ஆட்டினாள். சேலையை இழுத்துச் செருகினாள். பிளாக்குக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து, பாலத்தைப் பார்த்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடந்த அத்தனை பெரிய ஊரைப் பார்த்து நின்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. காது கேட்டால்தான் சுவர் நகரும். காது எங்கே இருந்தாலும் சரி, வேளாங்கண்ணியில் இருந்தாலும் திருத்தணியில் இருந்தாலும், ஆனால் கேட்க வேண்டும், கேட்கிற காது உயிரோடு இருக்க வேண்டும்.

ஜெசிந்தா குழந்தையைத் தீனாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். தன் வீட்டு வாசலுக்குப் போனாள். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இருந்த அந்த நாலு விரல் இடத்துக்குள் தன் கையைப் பக்கவாட்டில் மணிக்கட்டு வரைக்கும் நுழைத்தாள். உள்ளே சில்லென்று இருந்தது.

"மதுமிதா!" என்று கத்தினாள் நீலவேணி.

ரோட்டில் போன ஒரு ஆட்டோ நின்று, பிறகு போனது. நாற்பத்தெட்டுக் குடும்பமும் மூச்சு விடாமல் கதவுகளைப் பார்த்தது. இத்தனை வருஷமாக வராதே வராதே என்று வேண்டிக்கொண்ட அத்தனை பேரும் இப்போது வா என்று வேண்டிக்கொண்டார்கள்.

"மதுமிதா!"

"ஜெசி, கைய எடுடி" என்றாள் கோகிலா. "வந்துச்சுன்னா எலும்பு நொறுங்கிடும். கைய எடு."

ஜெசிந்தா கையை இன்னும் உள்ளே தள்ளினாள், முழங்கை வரைக்கும்.

நீலவேணி மூச்சை இழுத்தாள். அவளுக்குள் இருந்த எல்லாக் காற்றையும் சேர்த்துக்கொண்டு, குரல் கிழிய, ஊரின் கடைசி வீடு வரைக்கும் போகட்டும் என்று, மூன்றாவது தரம் கூப்பிட்டாள்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. மரத்தடியில் யாரோ விசும்ப ஆரம்பித்தார்கள். ஜெசிந்தா நெற்றியைக் கதவு நிலையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை.

அப்போது அவள் மணிக்கட்டின் மேல், சலித்த மாவு மாதிரி, கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்தது.